கருப்புக் கிடாவின் வாசல்

கருப்புக் கிடா, கீத்லி
14 செப்டம்பர் 1987

அன்புத் தம்பி ட்ரெவருக்கு,

இங்கே நான், அப்பா, உன் வெண்டி எல்லோரும் சுகம். வயிற்றுப் பிள்ளையும் சுகம், ராத்திரி பகல் பார்க்காமல் உதைக்கிறதாம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கப்பல் முழுக்கச் சமைத்துப் போட்டுவிட்டு நின்றபடியே ரொட்டியைக் கடிக்கிற ஆள் நீ.

மதியம் மூன்றுக்குப் பப் கதவைச் சாத்தினால் ஐந்தரைக்குத்தான் திறப்பு. அந்த நேரத்தில் எழுதுகிறேன். மேனேஜர் பயிற்சியில் பாதி தாண்டிவிட்டேன். பீர்க் கம்பெனி இந்த வருடம் எடுத்ததில் பெண் நான் ஒருத்திதான். மற்ற பையன்களுக்கெல்லாம் பெண்டாட்டி இருக்கிறாள், சமையலுக்கு ஆள் கிடைத்த மாதிரி என்று கம்பெனிக்கு அவர்கள் மேல்தான் ஆசை. இதை இப்போது நடத்துகிற டென்பி கிழவர் ஜனவரியில் ஓய்வு பெறுகிறார். இந்த பப்பின் லைசென்ஸ் எனக்குக் கிடைக்குமா என்பது மாஜிஸ்ட்ரேட்டுகள் கையில். "கையைத் தொடை, சிரி, வாய மூடு. மொத்தப் பயிற்சியும் இவ்வளவுதான், மத்ததெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா எழுதி வச்சது" என்கிறார் டென்பி.

இப்போது உனக்குப் பிடிக்காத சேதி. லீவு முடிந்து நீ கிளம்புவதற்கு முந்தின ராத்திரி இங்கே நடந்தது ஊர் பப்காரர்கள் கூட்டத்துக்குப் போயிற்று. உன் பெயருக்குத் தடை விழுந்துவிட்டது, ஒரு வருடம். ஒரு பப்பில் தடை என்றால் ஊரிலுள்ள எல்லா பப்பிலும் தடை என்பது உனக்குத் தெரியும். எங்கேயும் உனக்கு ஒரு சொட்டு ஊற்ற மாட்டார்கள். கோபப்படாதே. வெண்டிக்கு அடிக்கடி எழுது.

உன் அக்கா,
லொரேன்


ரோட்டர்டாம்
2 அக்டோபர் 1987

அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பிக்கைதானே, காசா பணமா.

ஒரு வருடமா! என்ன கொலையா செய்துவிட்டேன்? குடித்திருந்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஒரு சாம்பல் கிண்ணத்தை வீசினேன், பாருக்குப் பின்னால் இருந்த பெரிய கண்ணாடி உடைந்தது. அடுத்த நிமிடம் நாலு பேர் என்னைத் தூக்கித் தெருவில் போட்டார்கள். விடிந்ததும் ரயில். என் ஞாபகத்தில் இருப்பது இவ்வளவுதான். கண்ணாடிக்கு என்ன விலையோ என் சம்பளத்திலிருந்து அனுப்பிவிடுகிறேன். ஒரு கண்ணாடிக்காக ஒருவனை ஊரைவிட்டே தள்ளி வைப்பார்களா?

எனக்குத் தெரியும், இது 'மூன்று மணிகள்' பப்காரன் ஸ்டெட்டின் வேலை. டார்ட்ஸ் போட்டியில் அவன் ஆட்களைத் தோற்கடித்த நாளிலிருந்து என்மேல் கறுவிக்கொண்டிருக்கிறான். ஒன்று மட்டும் கேட்கிறேன். டென்பி எப்படி ஓட்டுப் போட்டார்? நீ பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

பிள்ளை டிசம்பரில் பிறக்கும். ஜனவரியில் எனக்கு லீவு. கருப்புக் கிடாவில் வைத்துத்தான் என் பிள்ளைக்குத் தலை நனைக்க வேண்டும். தாத்தா அப்பாவுக்குச் செய்தார், அப்பா உனக்கும் எனக்கும் செய்தார். தலை நனைப்பு என்று பிள்ளை பெற்றவன் காசில் ஊர் குடிக்கவில்லை என்றால் அது பிள்ளைக்கே ராசி இல்லை. அதற்குள் இந்தத் தடையை எடுத்து வை.

வெண்டியின் அக்கா மொரீனைக் கேட்டதாகச் சொல். மச்சான் இல்லாமல் அவள் நிற்கிற பார் தூங்கி வழிகிறதா என்று கேள்.

உன் தம்பி,
ட்ரெவர்


கருப்புக் கிடா, கீத்லி
25 அக்டோபர் 1987

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. தலைக்கு மேல் வேலை, அதனால்தான் தாமதம். எல்லோரும் சுகம். இங்கே மழை விட்டபாடில்லை.

இந்த மாதம் என் பயிற்சி முழுக்க நிலவறையில். வாரம் ஒரு தடவை பீர்க் குழாய்களைச் சோடாக் காரம் போட்டுக் கழுவ வேண்டும். கழுவுவது பெரிதில்லை, காரத்தின் வாடை போகும் வரை தண்ணீர் இழுப்பதுதான் பெரிது. அவசரப்பட்டால் முதல் கிளாஸ் குடிக்கிறவன் தொண்டை வெந்துபோகும். புதிதாக வந்த பீப்பாயை ஆட்டாமல் அசைக்காமல் கிடத்தி, மேலே மர முளையை அடித்து மூச்சுவிட வைக்க வேண்டும். தொட்டுத் தொட்டுப் பார்த்தால் கலங்கிவிடும். கம்பெனியிலிருந்து சோதிக்க வந்தவர் ஒரு கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பொம்பளை கை வச்ச பீர் மாதிரியே இல்லையே" என்றார். "ஆம்பளை வாய் வச்ச பேச்சு மாதிரியே இருக்கு" என்றேன். சிரித்துவிட்டார், பிழைத்தேன்.

மொரீன் சில வாரம் லீவில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள். இப்போது பாரின் இடது கோடியில் சுவரை ஒட்டி நிற்கிறாள், அந்த இடம்தான் வேண்டும் என்றாள். உன்னைக் கேட்டதாகச் சொன்னேன்.

அப்பா என்மேல் கோபமாக இருக்கிறார். "எம் புள்ளைக்கு எடமில்லாத எடத்துல எனக்கென்ன வேலை" என்று டோமினோ ஆடக்கூட வருவதில்லை. என் லைசென்ஸ் விசாரணை ஜனவரி பன்னிரண்டு. ஸ்டெட் மேல் பழி போடாதே. வெண்டியை டாக்டர் நடக்க வேண்டாம், படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார். முன்னால் இரண்டு தடவை கலைந்த வயிறு அல்லவா. அவளுக்குக் கவலை தருகிற மாதிரி எதையும் எழுதாதே.

அக்கா,
லொரேன்


லாகோஸ்
20 நவம்பர் 1987

அக்கா,

வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி சுகம்.

பீர்க் குழாயைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா? டென்பி ஓட்டு யாருக்கு என்று கேட்டேன். நீ மழை பெய்கிறது என்கிறாய்!

பரவாயில்லை, நீ சொல்லாததிலேயே தெரிந்துவிட்டது. ஸ்டெட்டுக்குப் பயந்து எல்லோரும் வாயை மூடியிருக்கிறீர்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், அவன் முகத்தை நீ பார்த்திருப்பாய். அவனுக்கே நேராக ஒரு கடிதம் போட்டுவிட்டேன். ஜனவரியில் வருகிறேன், கையைத் தூக்கினவன் எவனோ அவன் அந்தக் கையாலேயே பல்லைப் பொறுக்குவான் என்று எழுதியிருக்கிறேன். கப்பலில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், கைதட்டினார்கள்.

என் பிள்ளை பிறந்த சந்தோஷத்தை நான் ஓடைக்கரையில் நின்றா குடித்துக் கொண்டாட வேண்டும்? என் ஊரில், என் அக்கா வேலை பார்க்கிற இடத்தில்? எனக்கு அழுகை வருகிறது அக்கா, நிஜமாகத்தான் சொல்கிறேன். நீயாவது என் பக்கம் இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது.

ட்ரெவர்


கருப்புக் கிடா, கீத்லி
5 டிசம்பர் 1987

தம்பி,

வெண்டி ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். பயப்பட ஒன்றும் இல்லை, முன்ஜாக்கிரதைதான். மொரீன் தினமும் போய்த் தங்கை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள்.

உன் கடிதத்தைக் கொண்டு வந்து ஸ்டெட் நம் பாரில் வைத்தார். நல்ல கூட்டம் இருந்த நேரம். இதை அவர் போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தால் ஜனவரியில் என் லைசென்ஸ் அவ்வளவுதான், ரவுடியின் அக்கா என்று எழுதி மூடிவிடுவார்கள். ஸ்டெட் கத்தவில்லை. "இன்னுமா அவன்கிட்ட சொல்லல?" என்று மெதுவாகக் கேட்டார். "இல்ல" என்றேன். "சொல்லிடு கண்ணு. வேற யாராச்சும் சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லிடு" என்று கடிதத்தைத் திருப்பி என்னிடமே தள்ளிவிட்டுப் போனார்.

ட்ரெவர், அந்தக் கூட்டத்தில் உனக்காகப் பேசிய ஒரே ஆள் ஸ்டெட். புள்ளைத்தாச்சி புருஷன், ஆறு மாதம் போதும் என்றார். மற்றவர்கள் கேட்கவில்லை. நீ பல்லைப் பேர்க்கப்போவது அவருடையதை.

இதற்கு மேல் இப்போது கேட்காதே. பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். உன் காலில் விழுகிறேன், வேறு யாருக்கும் கடிதம் போடாதே.

லொரேன்


கருப்புக் கிடா, கீத்லி
17 டிசம்பர் 1987

தம்பி ட்ரெவருக்கு,

தந்தி வந்திருக்கும். பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம். உன் மூக்கு, வெண்டியின் வாய். ஹேசல் என்று பெயர் வைக்கப் போகிறாளாம். தூக்கினால் ஒரு ரொட்டி கனம்தான், ஆனால் அழுதால் வார்டே எழுந்து உட்காருகிறது. வாழ்த்துகள் தம்பி.

இனி நான் மறைக்கக் காரணம் இல்லை.

அன்றைக்குக் கூட்டத்துக்கு டென்பி போகவில்லை. அவருக்குக் காய்ச்சல். கருப்புக் கிடாவின் சார்பில் போனவள் நான். உன் பெயரை எடுத்ததும் நான்தான், முதலில் கையைத் தூக்கியதும் நான்தான்.

நீ வீசிய கிண்ணம் கண்ணாடியில் பட்டபோது கீழே குனிந்து கிளாஸ் அடுக்கிக்கொண்டிருந்த மொரீன் நிமிர்ந்தாள். சில்லு அவளது இடது கண்ணில் ஏறியது. உன்னை வெளியே தூக்கிப் போனவர்கள் யாரும் இதைப் பார்க்கவில்லை. பார்த்தது நானும் டென்பியும். லீட்ஸ் ஆஸ்பத்திரியில் என்னென்னவோ செய்தார்கள். அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது. அதனால்தான் இடப்பக்கம் சுவர் இருக்கிற இடத்தில் நின்று வேலை பார்க்கிறாள். சுவர்ப் பக்கத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள் அல்லவா.

போலீஸ் கேட்டதற்கு நிலவறைப் படியில் விழுந்தேன் என்று சொன்னாள். அப்பாவுக்கும் வெண்டிக்கும் அதே கதை, அதையும் உனக்கு எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். "இது தெரிஞ்சா வெண்டிக்கு இந்தப் புள்ளையும் தங்காது. புள்ளை கையில வர்ற வரைக்கும் அவனுக்கும் சொல்லாத, அவன் வாய் நிக்காது" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். பப்காரர்கள் கூட்டத்தில் மட்டும் சொல்ல விட்டாள், அவர்களும் வாயைத் திறக்கவில்லை.

கண்ணைப் பற்றிச் சொல்லாதது மொரீனுக்காக. கையைத் தூக்கியதைப் பற்றிச் சொல்லாதது எனக்காகத்தான். அக்கா என்று நீ இனி கூப்பிடமாட்டாயோ என்று பயம். ஒவ்வொரு கடிதத்திலும் எழுத உட்கார்ந்து பீப்பாயைப் பற்றி எழுதி முடித்தேன்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. மொரீன் போலீசுக்குப் போயிருந்தால் நீ ஜெயிலில் இருந்திருப்பாய். அவள் போகவில்லை. யாராவது ஒருவர் ஏதாவது ஒரு கதவையாவது சாத்த வேண்டாமா? நீ என் தம்பி. அவள் என் பாரில் நிற்கிறவள், அங்கே நிற்கும்வரை அவளுக்கு நான் பொறுப்பு. மறுபடி அதே கூட்டம் நடந்தாலும் கையைத் தூக்குவேன்.

உன் மகளைப் போய்ப் பார்த்தபோது உன்னை நினைத்து அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

லொரேன்


கருப்புக் கிடா, கீத்லி
9 ஜனவரி 1988

தம்பி,

சுகமா? பதில் இல்லை. கப்பல் ஏஜெண்ட் ஆபீசுக்குப் போன் போட்டேன், லாகோசிலேயே கடிதம் உன் கையில் கிடைத்துவிட்டது என்கிறார்கள். வெண்டிக்கு மட்டும் எழுதியிருக்கிறாய், வருகிற சனிக்கு அடுத்த சனி தலை நனைப்பு, ஆட்களுக்குச் சொல்லி வை என்று. எங்கே என்று எழுதவில்லை. அப்பா ஊரெல்லாம் கருப்புக் கிடா என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். "பேத்திக்குத் தலை நனைக்க வேணாம்னு எவ சொல்றாள்னு பாக்குறேன்" என்கிறார். என் காதுபடத்தான்.

செவ்வாய்க்கிழமை என் விசாரணை. லைசென்ஸ் கிடைத்த கையோடு தடை உள்ளவனை உள்ளே விட்டால் மறு வாரமே பிடுங்கிவிடுவார்கள். நீ வந்தால் வாசலில் நிறுத்துவேன். கோபத்தில் எழுதவில்லை, முன்கூட்டியே சொல்கிறேன். ராத்திரி தூக்கம் இல்லை. ஒரு வார்த்தை எழுது, திட்டியாவது எழுது.

லொரேன்


கருப்புக் கிடா, கீத்லி
31 ஜனவரி 1988

ட்ரெவர்,

ஒரு வாரம் ஊரில் இருந்தாய். என் வாசலுக்கு அந்த ஒரு தடவைதான் வந்தாய், சொல்லாமலே கப்பலுக்குப் போய்விட்டாய். உடம்பு எப்படி இருக்கிறது? வாசலில் பார்த்தபோது இளைத்திருந்தாய்.

விசாரணையில் இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தடைப் பட்டியல்ல உங்க சொந்தத் தம்பி பேரு இருக்கு. அவர் வந்தா என்ன செய்வீங்க?" "வெளியதான் நிப்பான் சார்" என்றேன். மாஜிஸ்ட்ரேட் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். கொடுத்துவிட்டார்கள். இப்போது கதவுக்கு மேல் என் பெயர் எழுதியிருக்கிறது. அப்பா இன்னும் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அப்பாவோடு, பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாய். உன் முஷ்டி இறுகியதைப் பார்த்தேன். அடிக்கப் போகிறாய் என்று நினைத்தேன். அடி விழுந்தாலும் நகரக் கூடாது என்று கதவுநிலையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து மொரீன் வேலைக்கு வந்தாள், உன்னைக் கடந்து உள்ளே போனாள். அப்பா போட்ட சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் நீ வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாய்.

"அவன்கிட்ட ஏதாச்சும் சொன்னியா?" என்று மொரீனிடம் பிறகு கேட்டேன். "யாருகிட்ட?" என்கிறாள்.

ஏன் திரும்பினாய் தம்பி? வேறொன்றும் கேட்கவில்லை.

லொரேன்


கடலில்
27 பிப்ரவரி 1988

அக்காவுக்கு,

உடம்பு சுகம்தான். ஹேசலுக்குச் சளி விட்டதா? வெண்டி எழுதினாள், நீ தினமும் போய்ப் பார்க்கிறாயாம்.

உன் டிசம்பர் கடிதத்தை லாகோசில் படித்தேன். நம்பவில்லை. கையைத் தூக்கியதற்குச் சாக்கு வேண்டாமா, கதை கட்டுகிறாள் என்று நினைத்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் கெட்ட வார்த்தையைத் தவிர வேறு வரவில்லை. எழுதியதையெல்லாம் கிழித்துக் கடலில் போட்டேன். ஊருக்கு வந்ததும் மொரீனை நேரில் பார்த்திருக்கலாம். பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் பார்க்கவில்லை. இது எனக்கே இப்போதுதான் புரிகிறது.

அந்தச் சனிக்கிழமை உன்னை ஒரு வழி பண்ணத்தான் வந்தேன். ஊர் பார்க்க என் பிள்ளையை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தால் எப்படி நிறுத்துவாய் என்று பார்க்கலாம் என்று. நீ கதவைத் திறந்து படியில் நின்றாய். உள்ளே எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் உள்ள வர முடியாது. ஒருத்திக்கு வயசு பத்தாது, ஒருத்தனுக்குத் தடை" என்றாய்.

உள்ளே எவனோ சிரித்தான். அப்பா, "கூடப் பொறந்தவனத் தெருவுல நிறுத்துறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா" என்று கத்த ஆரம்பித்தார். நீ அசையவில்லை. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன் அக்கா, அடித்திருப்பேன். கை பாதி தூரம் வந்துவிட்டது.

அப்போது பஸ் நிறுத்தம் பக்கமிருந்து மொரீன் வந்தாள். அவளுக்கு இடப்பக்கமாக நான் நிற்கிறேன். கை நீட்டினால் தொடுகிற தூரம். பட்டப்பகல். என் கல்யாணத்தில் என்னோடு விடிய விடிய ஆடினவள், என்னை எங்கே கண்டாலும் தெருக்கோடியிலிருந்தே கத்திக் கூப்பிடுகிறவள். அவள் தோள் என் தோளில் மோதியது, இடுப்பு வண்டியில் இடித்தது. ஹேசல் சிணுங்கினாள். மொரீன் என் பக்கம் முழுக்கத் திரும்பக்கூட இல்லை. கையை மட்டும் காற்றில் நீட்டி வண்டியின் விளிம்பைத் தடவிப் பிடித்து, வண்டி சாயவில்லை என்று தெரிந்துகொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க கண்ணு, நான் பாக்கல" என்றாள். என்னிடம், அக்கா. என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அப்பா வழியெல்லாம் ஏன் திரும்பிவிட்டாய் என்று கேட்டுக்கொண்டே வந்தார். பிள்ளைக்குக் குளிரும் என்றேன். வீட்டுக்குப் போய் அவரை உட்கார வைத்து நிலவறைப் படியில் யாரும் விழவில்லை என்று சொன்னேன். வெண்டிக்கும் சொன்னேன். மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை, பேசியிருந்தால்தான் ஆச்சரியம். மொரீன் வீட்டு வாசல்வரை இரண்டு தடவை போனேன், கதவைத் தட்ட தைரியம் வரவில்லை. அடுத்த லீவில் தட்டுவேன். அதுவரை நீ எனக்காக அவளிடம் ஒன்றும் சொல்லாதே, அது என் வாயால் வர வேண்டியது.

தலை நனைப்பு நடக்கவில்லை என்று ஊர் பேசட்டும்.

செப்டம்பரோடு என் வருடம் முடிகிறது. உங்கள் கூட்டத்தில் என் பெயரைப் படித்து, தடையை எடுக்கலாமா, நீட்டலாமா என்று கேட்பார்கள். ஸ்டெட் மறுபடியும் எனக்காகப் பேசுவார், நல்ல மனுஷன். நீ தயங்காதே அக்கா. நீட்டச் சொல்லிக் கையைத் தூக்கு.

உன் தம்பி,
ட்ரெவர்